மழையில்லாமல் ஒழுகிய வீடு

ஒழுகல் டாக்டர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கூரை ஒழுகினாலும், தொட்டி கசிந்தாலும், குளியலறைச் சுவரில் ஈரம் பூத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், அண்ணாந்து பார்ப்பார், நாலு இடத்தில் விரலால் தட்டுவார், "இங்கதான்" என்பார். சொன்ன இடத்தில்தான் ஓட்டை இருக்கும். கெட்டிக்காரர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிவார் என்பதுதான் சங்கடம்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் இஸ்திரியக்கா என்பார்கள். மாடி அறையில் நீளமான மேசை போட்டு, அக்கம்பக்கத்துத் துணிகளையும் இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் தேய்த்துக் கொடுப்பவள். புருஷன் பெருமையடிக்கத் தொடங்கினால் துணியைத் திருப்பிப் போட்டபடியே, "டாக்டர் ஆரம்பிச்சுட்டாரு" என்பாள். அவருக்குக் கோபம் வராது. டாக்டர் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

புதிதாக வேலை கொடுக்க வருகிறவர்களிடம் அவர் பேசுவது ஒரே பேச்சுதான். "முதல்ல என் வீட்டை வந்து பாருங்க. ஒரு சொட்டு ஈரம் காட்டிட்டீங்கன்னா இந்தத் தொழிலையே விட்டுடறேன்." வந்தவர்களை நேராக மாடிக்கு அழைத்துப் போய், மனைவியின் மேசைக்கு மேலே இருக்கும் மரப்பலகை சீலிங்கைக் காட்டுவார். அதற்கும் மேலே பரண், பரணுக்கு மேலே தகரக் கூரை. வீட்டை வாங்கிய காலத்தில் கூரையின் கீழ்விளிம்பு நெடுகக் கைவிரல் நுழையும் இடுக்குகள் இருந்தன. முகட்டிலும் ஒரு நீளமான திறப்பு இருந்தது. ஒழுகல் டாக்டர் வீட்டில் இடுக்கு இருக்கலாமா? ஒன்று விடாமல் அடைத்து, மேலே ரப்பர் பசை பூசி, கத்தியால் ஓரம் சீவி, பார்ப்பதற்குப் புதுச் செருப்பின் தையல் மாதிரி அழகாக முடித்திருந்தார். அவர் செய்த வேலைகளிலேயே சிறந்தது அதுதான் என்று மனைவியே ஒத்துக்கொள்வாள், அவர் காதில் விழாத நேரத்தில்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியதும் மேசைக்கு நேர் மேலே பலகையில் ஒரு கறை தெரிந்தது. முதலில் உள்ளங்கை அளவு. டாக்டர் பதறிப்போய்க் கூரை மேல் ஏறி, ஒவ்வொரு ஆணித் தலையிலும் பசை வைத்துவிட்டு இறங்கினார். கறை தட்டளவு ஆயிற்று. மறுபடி ஏறினார், மறுபடி பூசினார். இரண்டு இடத்தில் பலகை கறுத்து, மேசையில் விரித்த வெள்ளை விரிப்பின் மேல் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்தவர் வீட்டு ஒழுகலைச் சிரித்துக்கொண்டே பார்த்த மனிதருக்கு இப்போது சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே பெரிய ஹாலில் தண்ணீர் சொட்டுகிறதாம். வேலையைக் கொடுப்பதற்கு முன்னால், அவர் வழக்கமாகச் சொல்கிறபடி அவர் வீட்டைப் பார்க்கத் தலைமையாசிரியை அடுத்த வாரம் வருகிறாராம். வேலை பெரிது. அதைவிடப் பெரிது பேர். ஒழுகல் டாக்டர் வீடே ஒழுகுகிறது என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் அவருடைய தங்கை யோசனை சொன்னாள். "ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சு விடுங்கண்ணே. வர்றவங்க என்ன ஏணி போட்டுச் சுரண்டியா பாக்கப் போறாங்க?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான்" என்றாள் இஸ்திரியக்கா.  ஆனாலும் டாக்டர் சாயங்காலம் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி வந்து மாடிப்படி ஓரத்தில் வைத்தார்.

அவளுக்கோ மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரம் முழுக்க மழை இல்லை. ஆனால் காலையில் வந்து பார்த்தால் கறையில் ஈரம். வெயில் ஏறினால் காய்கிறது, மறுநாள் விடிந்தால் மறுபடி ஈரம். மழைக்கு ஒழுகுவது மழையோடு நிற்க வேண்டாமா? ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் ஏணியைச் சாத்தி, பரண் மூடியைத் தள்ளி, டார்ச்சோடு தலையை உள்ளே நீட்டினாள். கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தது. கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் ஒரு சொட்டு. கொதிக்கிற பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

பானை மூடி என்று நினைத்த உடனே அடுத்ததும் புரிந்துவிட்டது. அந்த வருஷம்தான் பழைய பெட்டியைத் தள்ளிவிட்டு நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கியிருந்தாள். அது நாள் முழுக்க விடும் ஆவி எங்கே போகும்? பலகை இடுக்கு வழியாகப் பரணுக்கு ஏறுகிறது, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே முடங்குகிறது, விடிகாலைக் குளிரில் தகரம் சில்லிட்டதும் தண்ணீராகி இறங்குகிறது.

இஸ்திரியக்கா ஏணியிலிருந்து இறங்கி வந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னால் அந்த மனிதர் முதலில் பெட்டியைத்தான் நிறுத்தச் சொல்வார். அந்தப் பெட்டி வந்த பிறகுதான் விடுதி வேலையே கிடைத்தது. சொல்லாவிட்டால் அவர் பேர் போகும். அவள் பயந்தாள், அதை மறைப்பானேன். பயந்துகொண்டேதான் போய்ச் சொன்னாள்.

"அப்ப உன் பெட்டிதான் காரணம்" என்றார் அவர். "நிறுத்து."

"நிறுத்தறேன். சமையலையும் நிறுத்திடலாம். நீங்க வெந்நீர்ல குளிக்கிறதையும் நிறுத்திடுங்க. ஆவி இல்லாத வீடு எங்கங்க இருக்கு? அது போறதுக்கு வழி இருந்துச்சு. நீங்கதான் அடைச்சீங்க."

"நான் அடைச்சது மழைக்கு."

"மழைக்கு அடைச்சீங்க, காத்தும் சேர்ந்து நின்னுபோச்சு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள் விடிகாலையில் ஏணி சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்டது. இறங்கி வந்தபோது அவர் தலைமுடியெல்லாம் நனைந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டு, தகரம் வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினார்.

முகட்டில் தான் அடைத்ததைப் பிரித்து, மழை தெறிக்காதபடி அதற்கு மேல் தகரத் தொப்பி ஒன்று மாட்டினார். இஸ்திரியக்கா பரணுக்குள் போய், காற்று ஓடுகிறதா என்று பார்க்க அந்தத் திறப்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அது செத்ததுபோல் தொங்கியது. மறுநாளும் ஆணி முனைகளில் சொட்டு.

"பாத்தியா" என்றார் டாக்டர். தன் கூரையில் வீணாக ஓட்டை விழுந்த வருத்தத்தைவிட, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.  அவர் முற்றத்தில் உட்கார்ந்து அன்றைய வேலைக்கு ஒரு ரப்பர் பசை டின்னைத் திறந்தார். ஆணியை வைத்துச் சுத்தியலால் மூடியில் ஒரு ஓட்டை போட்டார். பிறகு வழக்கம்போல எதிர்ப்பக்கம் இன்னொன்று.

"ரெண்டாவது எதுக்குங்க?" என்றாள் அவள்.

"இது தெரியாதா? ஒரு பக்கம் காத்து உள்ள போனாத்தானே இன்னொரு பக்கம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சுத்தியலைக் கீழே வைத்தார். தன் டின்னைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையின் கீழ்விளிம்பைப் பார்த்தார். அங்கேதான் அவர் கைவண்ணத்திலேயே சிறந்த அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிசிறு இல்லாமல்.

அன்றைக்கு வந்த அழைப்புகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஏணியில் ஏறினார். உளியை வைத்துத் தட்டத் தட்ட, பசை பாளம் பாளமாக விழுந்தது. இஸ்திரியக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் போனவர்கள் நின்று, "என்ன டாக்டர், சொந்த வீட்டுக்கே ஓட்டை போடறீங்க?" என்று கேட்டார்கள். "ஆமா, தேவைப்படுது" என்றார்.  இத்தனை வருஷமாக அவர் பெருமை பேசியபோதெல்லாம் அவள் கேலிதான் செய்திருக்கிறாள். இன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு தன் அழகான வேலையைத் தானே உடைப்பதைப் பார்க்க, இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அவளுக்குக் கர்வமாக இருந்தது.

எலியும் குருவியும் புகாதபடி இடுக்குகளுக்குக் கம்பி வலை அடித்தார். பிறகு பசையை எடுத்துக்கொண்டு மாடி அறைக்கு வந்து, சீலிங் பலகை இடுக்குகளையும், விளக்கு வயர் போகிற துளையையும், பரண் மூடியின் ஓரத்தையும் அடைத்தார். "அடைக்க வேண்டிய இடம் இதுதான். நான் ஒரு மாடி தள்ளி அடைச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காகிதத் துண்டு இப்போது முகட்டுத் திறப்பில் படபடவென்று அடித்துக்கொண்டது. நாலைந்து நாளில் ஆணி முனைகள் காய்ந்தன. நாள் முழுக்கப் பெட்டி ஓடியும் ஈரம் திரும்பவில்லை. கறை மட்டும் காய்ந்த அடையாளமாகப் பலகையில் நின்றது.

"இப்பவாவது அதை அடிச்சு விடுங்கண்ணே" என்றாள் தங்கை, பெயின்ட் டப்பாவைக் காட்டி.  அவர் என்ன செய்யப்போகிறார் என்று மனைவிக்கும் தெரியவில்லை.

தலைமையாசிரியை வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. குடையைப் படியில் சாய்த்துவிட்டு மாடிக்கு வந்தார். தேய்த்து அடுக்கிய விரிப்புகளைப் பார்த்தார், அண்ணாந்தார். "அது என்ன கறை?"

"அதுங்களா, நாங்க வீடு வாங்கறப்பவே இருந்தது" என்றாள் வாசலில் நின்ற தங்கை, கொஞ்சமும் தயங்காமல். நல்ல பொய். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் டாக்டரின் பேர் பிழைத்துவிடும். இஸ்திரியக்கா பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டுப் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"இல்ல டீச்சர்" என்றார் அவர். "அது நான் பண்ணின வேலை." காற்று வழிகளைத் தான் அடைத்தது, ஆவி உள்ளே முடங்கியது, ஒழுகல் என்று நினைத்து மேலும் மேலும் பூசியது என்று ஒன்று விடாமல் சொன்னார். "இத்தனை வருஷத் தொழில்ல எனக்கு இது பிடிபடல. கண்டுபிடிச்சது இவ. நான் இவளையே வேலையை நிறுத்தச் சொன்னேன்."

தலைமையாசிரியை ஏணியில் ஏறிப் பரணை எட்டிப் பார்த்தார். மேலே மழை தகரத்தில் சடசடத்தது, உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. இறங்கி வந்தவர் யோசனையாகச் சொன்னார்: "எங்க ஹாலும் மழை இல்லாத நாள்லயும் சொட்டுது. பாத்தவங்க எல்லாரும் தகரத்தையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

 டாக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹால்ல காலைல யார் இருப்பாங்க டீச்சர்?" என்று கேட்டாள் அவள்.

"பிள்ளைங்க எல்லாரும். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி உக்கார வைப்போம்."

"அத்தனை பிள்ளைங்க மூச்சும் ஆவிதானே" என்றாள் இஸ்திரியக்கா.

 தலைமையாசிரியை டாக்டரிடம், "வேலையை நீங்களே செய்யுங்க. நாளைக்கே வந்து பாருங்களேன்" என்றார்.

"நான் மட்டும் வந்து பிரயோஜனம் இல்ல டீச்சர். எங்க திறக்கணும், எங்க அடைக்கணும்னு இவ பாத்துச் சொல்லட்டும். அப்புறம்தான் நான் ஏணி சாத்துவேன். இவளைக் கேளுங்க, எப்ப வர முடியும்னு."

தலைமையாசிரியை அவள் பக்கம் திரும்பினார். இஸ்திரியக்கா மேசை மேல் கிடந்த விரிப்புகளைப் பார்த்தாள். "நாளைக்கு முடியாது டீச்சர். விடுதிக்குத் துணி போகணும். நாளை மறுநாள் வர்றேன்."

"நாளை மறுநாள்தான்" என்றார் டாக்டர், தலைமையாசிரியைக்கு முந்திக்கொண்டு, ஏதோ பெரிய வைத்தியரிடம் நேரம் வாங்கித் தருகிறவர் மாதிரி. அவர் குரலில் இருந்த பெருமை முழுக்க அவளைப் பற்றியது. அது அவளுக்குப் புரிந்தது, கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொள்ளாமல் நேராக நின்றே அதை வாங்கிக்கொண்டாள்.