பிரிண்டருக்குப் பத்து நிமிட ஓய்வு

எங்கள் பார்சல் கம்பெனியில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பதினொரு வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்து வைத்தார்கள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம், அவ்வளவுதான். கேள்வியைத் தட்டினால் பதில் சொல்லும். ஒரே வாரத்தில் டாக்டர் பட்டம் அதற்குப் போய்விட்டது. நான் வெறும் தம்பி ஆகிவிட்டேன்.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாசூக்கான வார்த்தை தேட எனக்குப் பொறுமை இல்லை. அதிலும் புக்கிங் கவுண்டர் அக்கா இருக்கிறாரே! மவுஸ் நகரவில்லை என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டவர், இப்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டுகிறார்.

"எத்தனை தடவ கேட்டாலும் சலிச்சுக்கவே மாட்டேங்குது தம்பி" என்றார். யாரைக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியாதா?

மேனேஜர் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ஒவ்வொரு புகாருக்கும் நீங்க இத்தனை வருஷமா கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச பதில் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் அது வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தப்பில்லாம ஓட்டிடுச்சுன்னா, உங்கள குடோனுக்கு மாத்திடறேன்."

குடோனில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் எடை மெஷினுக்கு.

அன்று முதல் அது எங்கே சறுக்கும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். வேண்டுமென்றே கோணல் கேள்வியாகக் கேட்டேன். 'நல்ல கேள்வி' என்று என்னையே பாராட்டியது.

வியாழக்கிழமை மதியம் சிக்கியது. வரிசை வாசல்வரை நிற்கிறது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா ஆச்சு?"

"நாப்பது லேபிள் அடிச்சா பத்து நிமிஷம் பிரிண்டருக்கு ஓய்வு குடுக்கணுமாம். டாக்டர் சொல்லுது."

சுத்தப் பேத்தல். மாட்டினாயா என்று மேனேஜர் அறைக்கு மாடியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அந்தப் பதிலை எழுதியதே நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், நிம்மதியாக ஒரு டீ குடிக்க வேண்டி அக்காவுக்கு அடித்துவிட்ட புளுகு. அக்கா ஒரு வாரம் கடைப்பிடித்துவிட்டு மறந்துபோனார். இந்தச் சனியன் மறக்கவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தால் நானும் மாட்டுவேன். ஆனால் பொறாமைக்கு வெட்கம் ஏது? போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "இந்த மாதிரி இன்னும் எத்தன எழுதி வச்சிருக்கீங்க?"

"ஞாபகம் இல்ல சார்."

"அப்ப குடோன் வேண்டாம். மொத்தம் நாலாயிரம் பதில் இருக்கு. ஒண்ணொண்ணா படிச்சு, எதெல்லாம் புளுகுன்னு குறிச்சுக் குடுங்க. அது உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

எப்படியோ ஜெயித்துவிட்டேன். அந்த மிதப்பிலேயே கீழே வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டத்தில் ஏதோ தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். 'நான் சொன்னது தவறு. உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்' என்று இருந்தது.

"தான் எழுதாததுக்கே அது மன்னிப்புக் கேட்டுடுச்சு தம்பி" என்றார் அக்கா. "எழுதினவர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கார்."

நானும் மன்னிப்புக் கேட்டேன். அதிலும் இரண்டாவது ஆளாகக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்பதைத்தான் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.