சதீவா குடும்பம்

தபால் பிரிக்கும் அறையில் பார்த்த வேலை போனதும் நாத்தனார் அண்ணியின் விதைக்கடைக்கு வந்துவிட்டாள். "ஒரு வாரம் பாரு. கை ஒத்துவந்தா இங்கயே இரு" என்றிருந்தாள் அண்ணி. நாத்தனாருக்குப் போக வேறு இடமில்லை.

கண்ணுகளா, விதைப் பொட்டலத்தில் இரண்டு சொல்லாக ஒரு லத்தீன் பெயர் இருக்கும். அந்தக் கடையில் முதல் சொல்லைப் பார்த்துத்தான் இழுப்பறை பிரிப்பார்கள். நாத்தனாருக்கோ, கடிதங்களைக் கடைசியில் வரும் குடும்பப் பெயர் பார்த்துப் பிரித்தே பழகிய கை. அண்ணி வெளியே போயிருந்த நேரத்தில் பொட்டலங்களை எல்லாம் கொட்டி, கடைசியில் நின்ற இரண்டாவது சொல்படி அடுக்கிவிட்டாள்.

"வெள்ளரி எங்கடி?" என்றாள் திரும்பி வந்த அண்ணி.

"சதீவுஸ் வீட்டுல, அண்ணி. முள்ளங்கியும் அங்கதான். நெல்லு சதீவா, கொத்தமல்லி சதீவம். பெரிய குடும்பம் போல, ஒரே இழுப்பறையில போட்டுட்டேன்."

"வெள்ளரிக்கும் நெல்லுக்கும் என்னடி சொந்தம்? நல்லா சம்பந்தம் பேசினே போ!"

நாத்தனாரின் முகம் சுண்டியது. வாரம் முடியும் முன்னே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஏன் அண்ணி எல்லாத்துக்கும் அதே பேரு? வால் மட்டும் ஏன் மாறுது?"

"வாலு, முன்னாடி நிக்கிற பேரைப் பாத்து மாறும். நல்லவன், நல்லவ, நல்லதுங்கிறோமே, அந்த மாதிரி. ஆனா அதே பேரு ஏன்னு..." அண்ணி இழுத்தாள். "நான் கேட்டுக்கிட்டதே இல்லடி."

தராசுக்குப் பின்னால் கிடந்த தடித்த தாவரப் பெயர் அகராதியைத் தூசி தட்டி, இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். சதீவா என்பது விதைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல்லாம். தானாக முளைக்காமல், மனிதக் கை ஊன்றி வளர்த்தது என்று பொருள்.

"தானா வந்ததில்ல. யாரோ கூட்டிட்டு வந்து வச்சது" என்றாள் நாத்தனார் மெதுவாக. அண்ணி அவளை ஒரு கணம் பார்த்தாள்.

அப்போது புதுவீட்டுக்காரி ஒருத்தி உள்ளே வந்தாள். "இதுவரைக்கும் ஒரு செடிகூட வச்சதில்லைங்க. எதுல ஆரம்பிக்கறது?"

அண்ணியின் கை தானாகவே அந்த இழுப்பறைக்குப் போயிற்று. வெள்ளரி, முள்ளங்கி, கொத்தமல்லி. "இதுங்க மனுஷங்க கைக்குப் பழகினதுங்க. தைரியமா போடுங்க."

வந்தவள் சந்தோஷமாகப் போனபின், அண்ணி சொன்னாள்: "இந்த இழுப்பறை இப்படியே இருக்கட்டும். மத்ததைப் பழையபடி அடுக்கு."

"எத்தனை நாளுக்குள்ள முடிக்கணும், அண்ணி?"

"என்னடி அவசரம்? ஒரு வாரத்துல முடியற வேலையா இது?"