மாட்டிக்கொண்ட எறும்பு

எறும்பை எடுக்கப் போன அத்தாவின் கை எட்டுக்கால் பூச்சியை எடுத்தது. எடுத்ததும் நகர்த்திவிடவில்லை. கட்டைவிரல் அந்தக் குட்டி மரப்பொம்மையின் ஓரமாகவே போய் ஒவ்வொரு காலாகத் தடவியது. திருப்பி மறுபக்கமும் தடவியது. பிறகு அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்து, அதையும் அதேபோல் தடவியது. ஆறு கால். அதைத்தான் அத்தா இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"என்னத்தா, எறும்புக்குச் சொறிஞ்சு விடுறீகளா?" என்றான் ஜமீல்.

"ஆமடா, பாவம், ரொம்ப தூரம் நடந்து வந்துருக்கு."

ஜமீல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அக்கா சனாவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அவள் கண் அத்தாவின் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. 

இருவரின் தகப்பனார் கலீல் ரகுமானுக்குச் சவூதியின் தம்மாமில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைக்குடிக்கு விடுப்பில் வருவார். இந்தத் தடவை பெட்டியில் பிஸ்தா, சோப்பு, அம்மாவுக்கு அபாயா எல்லாவற்றுக்கும் அடியில் இந்தப் பூச்சி ஆட்டமும் வந்திருந்தது. தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டங்கள் போட்ட அட்டை. நடுக்கட்டத்தில் ஒரு சர்க்கரைக் கட்டியின் படம். ஆளுக்கொரு நிறத்தில் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி, தட்டான். தாயக்கட்டை உருட்டி, தன் பூச்சிகளையெல்லாம் முதலில் சர்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வெற்றி. கறுப்பாக ஒரு எட்டுக்கால் பூச்சி மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் வழியில் நிற்கும்.

"எட்டுக்கால் பூச்சி, பூச்சியே இல்லத்தா. சயின்ஸ் மிஸ் சொன்னாக," என்று முதல் நாளே ஜமீல் ஆட்சேபித்தான்.

"அதான் பாரு, யாரு கூட்டத்துலயும் சேராமத் தனியா நிக்குது," என்றார் அத்தா.

ஆட்டச் சட்டம் முழுக்க அரபியில் அச்சடித்திருந்தது. "நீதான ஓதுறவ, வாசி," என்று அத்தா தாளை அம்மாவிடம் நீட்டினார். அரபு எழுத்தைப் பார்த்ததும் குர்ஆன் ஓதும் பழக்கத்தில் அம்மா நபீஸா போய்க் கையைக் கழுவி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தவள் மூடிவிட்டாள்.

"ஜேர் ஜபர்னு உயிர்க்குறி ஒண்ணுமே போடலையே. எழுத்து மேலயும் கீழயும் புள்ளியத் தவிர ஒண்ணையும் காணோம். இதை எப்புடி ஓதுறது?"

அப்படியும் விடவில்லை. ஊகித்து ஊகித்து ராகத்தோடு இரண்டு வரி வாசித்தாள். கேட்க அழகாகத்தான் இருந்தது. முடித்ததும் ஜமீல் "ஆமீன்" என்றான். முதுகில் ஒரு அடி விழுந்தது.

"ஓதத்தான் தெரியும், அர்த்தம் எனக்கு எங்க தெரியும்? இத்தன வருசம் அங்க கெடந்தீகள்ல, நீங்க சொல்லுங்க," என்று தாள் அத்தாவிடமே திரும்பி வந்தது.

அத்தா அதை முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். எறும்புக்குப் பின்னால் இன்னொரு எறும்பு வந்தால் அதற்கு ஒரு நடை இனாம். வெட்டுக்கிளி தாண்டும், ஆனால் தாண்டிய பிறகு ஒரு ஆட்டம் மூச்சு வாங்க வேண்டும். எட்டுக்கால் பூச்சிக்குப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றால் வலையில் மாட்டிக்கொள்ளும்.

"மாட்டுனா செத்துருமா?" என்றான் ஜமீல்.

"சாகாது. மாட்டுனவன் சத்தமா 'மாட்டிக்கிட்டேன்'னு கத்தணும். கத்துனாத்தான் மத்த பூச்சி வந்து இழுத்துவிடலாம். கத்தாட்டி அங்கயே கெடக்க வேண்டியதுதான்."

ஜமீலுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. மாட்டுவதற்காகவே எட்டுக்கால் பூச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று தெருவே கேட்கும்படி கத்தினான். பக்கத்து வீட்டுத் தேவிகா அக்கா ஓடிவந்து, பையன் கை கதவில் மாட்டிவிட்டதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சனா போனை அந்தத் தாளின் மேல் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தாள். போன் தட்டுத்தடுமாறி ஒரு தமிழைச் சொன்னது. எட்டுக்கால் பூச்சியிடம் மாட்டிய காய் ஆட்டத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். கத்துவது, இழுத்துவிடுவது என்ற பேச்சே அதில் இல்லை. அத்தா சொன்ன எதுவுமே அதில் இல்லை. அவள் அம்மாவிடம் காட்ட, வீடே சிரித்தது.

"அரபி தெரியாமத்தான் அத்தன வருசம் அரபிக்காரனுக்குச் சலாம் போட்டீகளாக்கும்!" என்றாள் அம்மா.

"அவனுக்குத் தமிழ் தெரியாதுல்ல? ரெண்டும் சரியாப் போச்சு," என்று அத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் இப்போது சனாவைப் போட்டு அரித்தது. அத்தாவுக்கு அரபி தெரியும். வீடியோ காலில் கடைத்தெருவில் நடந்துகொண்டே ஒவ்வொரு போர்டாக வாசித்து, இது மருந்துக் கடை, இது ரொட்டிக் கடை, இவன் முடிவெட்டுறவன் என்று ஜமீலுக்குச் சொல்வார். போன நோன்புப் பெருநாளைக்குக்கூடச் சொன்னார். தெரிந்ததைத் தெரியாது என்றதற்கு அத்தா ஏன் அப்படிச் சந்தோஷமாகத் தலையாட்டினார்?

ஒன்றை நினைத்தால் அடுத்தது தானாக வந்தது. அம்மா கொடுத்த டீயை வாங்கும்போது அத்தா டம்ளரின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். போனில் வந்ததை "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன், நீ படி" என்று ஜமீலிடம் கொடுக்கிறார். நேற்றுத் தட்டான் ஒன்று உருண்டு, பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் தரையில் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அத்தா உள்ளங்கையால் தரையைத் துழாவினார். ஒரு பூவை எடுக்கப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் செக்காலை ரோட்டு மெக்கானிக் இராமு, சும்மா கிடந்த அத்தாவின் பைக்கைச் சரிசெய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "பாய், பேட்டரி புதுசு. ஒரு உதைல பிச்சுக்கிட்டுப் போகும்!"

ஜமீல் குதித்தான். மறுநாள் காலையில் கல்லலுக்குப் பெரியம்மா வீட்டுக்கு அத்தாவும் அவனும் பைக்கில் போவதாகப் பேச்சு. பெரியம்மா வீட்டு ஆடு ரெட்டைக் குட்டி போட்டிருந்தது. "நான்தான் முன்னாடி டேங்க் மேல உக்காருவேன்!"

"நீதான்டா, வேற யாரு?" என்று அத்தா சாவியைப் போடப் போனார். சாவி துளையைத் தாண்டி இரும்பில் கீறியது. இன்னொரு தடவை கீறியது. இடது கை விரலால் துளையைத் தேடிப் பிடித்த பிறகுதான் சாவி உள்ளே போனது. இராமு காசை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே இருந்தாள். சனா மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். அத்தாவிடமே கேட்டு, அத்தா "ஆமா" என்றுவிட்டால்? சொல்லாதவரை அது வெறும் சந்தேகம். வாயை விட்டு வந்துவிட்டால் நிஜமாகிவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் விடிந்தால் ஜமீல் டேங்க் மேல் உட்காருவான். கல்லல் ரோட்டில் மணல் லாரி எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜமீல் ஓதப் போனான். அம்மா ஜாக்கெட் அளவு கொடுக்கத் தேவிகா அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அத்தா மட்டும் அட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, பூச்சிகளைத் தடவித் தடவி அதனதன் இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். வெளியே மேகம் மூட்டம் போட்டிருந்தது. விளக்குப் போடவில்லை.

"அத்தா, ஒரு ஆட்டம் போடுவமா?"

"வா புள்ள. எந்தக் கலரு வேணும்?"

சனா எதிரே உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கி, பின்னால் முடிச்சுப் போட்டாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. கட்டி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். 'என்ன புள்ள இது வேசம்?' என்று அத்தா சிரிப்பார். சிரித்துவிட்டால் போதும். தான் நினைத்ததெல்லாம் பொய்.

"ம், உருட்டு," என்றார் அத்தா. சாதாரணமாகத்தான் சொன்னார்.

 சனா இருட்டுக்குள் தாயக்கட்டையைத் தேடி எடுத்து உருட்டினாள். அது தரையில் ஓடும் சத்தம் கேட்டது. எறும்பைத் தேடினாள். விரலில் ஏதேதோ கால்கள் பட்டன. எண்ணினாள், பாதியில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இவ்வளவு கஷ்டமா? இதை வைத்துக்கொண்டா அத்தா இத்தனை நாளாக ஜமீலிடம் சிரித்துச் சிரித்துத் தோற்றார்?

"என்ன புள்ள, இம்புட்டு நேரம் யோசிக்கிற?"

"அத்தா... நான் கண்ணைக் கட்டிருக்கேன்."

 தெருவில் ஒரு ஆட்டோ போனது. எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"துப்பட்டாவால கட்டிருக்கேன். நீங்க எதுத்தாப்லதான் இருக்கீக. ஒங்களுக்குத் தெரியல."

"இருட்டிருச்சுல்ல..." என்று ஆரம்பித்த அத்தாவின் குரல் பாதியில் நின்றது.

"எனக்குப் பயமா இருக்குத்தா. நீங்க எறும்பத் தடவுன அன்னைலேர்ந்து பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்ல முடியல. காலைல ஜமீல முன்னாடி வச்சுக்கிட்டுப் போறேங்கிறீக. எனக்குச் சோறு எறங்கல." அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். துப்பட்டா நனைந்தது. "மாட்டுனா கத்தணும்னு நீங்கதான சொன்னீக? அந்தத் தாள்ல அப்புடி ஒண்ணும் இல்ல. நீங்களா போட்ட சட்டந்தான? அப்ப நீங்க மட்டும் ஏன் கத்த மாட்டேங்கிறீக?"

 அட்டையின் மேல் ஏதோ நகரும் சத்தம். அவள் கையைத் தேடிவந்த ஒரு கை, அதில் ஒரு பொம்மையை வைத்து மூடியது. சனா தடவினாள். ஆறு கால்.

"மாட்டிக்கிட்டேன் புள்ள," என்றார் அத்தா. ஜமீல் கத்துவது போல இல்லை. காதருகில் சொல்வது போல இருந்தது.

அவள் கண்கட்டை அவிழ்த்தாள். அத்தா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் தாண்டிக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராப் பாத்தா ஒம் மொகம் இருக்குற எடத்துல புகை மாதிரி இருக்கு. இப்புடித் திரும்புனா ஓரத்துல கொஞ்சம் தெரியுது. முதல்ல கண்ணுக்குள்ள பூச்சிதான் பறந்துச்சு. கொசுன்னு நெனச்சுக் கையால ஓட்டுனேன். ஓட்ட ஓட்ட அங்கயே நிக்குது. அங்கன ஒரு டாக்டரு, சுகரு கண்ணுக்கு வந்துருச்சு, ஊருக்குப் போயி உடனே பாருன்னாரு."

"உடனேன்னாரா? நீங்க வந்து எத்தன நாளாச்சு?"

"வந்த அன்னைக்கே சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒங்கம்மா வாசல்ல நின்னு சிரிச்சா. சிரிச்சான்னுதான் நெனைக்கிறேன், பல்லு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. அப்பறம் எப்புடிச் சொல்றது? பக்ரீத் பெருநாளு போகட்டும், ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு வரட்டும்னு..."

"பைக்ல எப்புடிப் போவீக?"

"ஓரமா மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிரலாம்னு..." அத்தா தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான். பெரிய தப்பு. அவன் ஆசையாக் கேட்டான். முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பான்ல."

சனா அட்டையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் உட்காருவது போல அவர் முழங்கையில் தலையைச் சாய்த்தாள். அத்தாவுக்கு இப்போதுதான் அவள் முகம் தெரிந்தது போலிருந்தது. தெரியாமல் விரலால் தேடினாரோ என்னவோ, நெற்றியைத் தடவி, மூக்கைத் தடவி, கன்னத்து ஈரத்தைத் துடைத்தார்.

"நல்லாயிரும்லத்தா?"

"தெரியல. ஊசி போட்டா இருக்குறத நிறுத்தலாம்னாரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயந்தான்."

அத்தாவுக்கும் பயம் என்று கேட்டதும், எதனாலோ சனாவுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

அம்மா வந்தாள். விளக்கைப் போட்டவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்து ஆடுறீக? யாரு செயிச்சா?"

"நபீஸா, இங்குட்டு வந்து உக்காரு," என்றார் அத்தா. சனா எழுந்து போகப் பார்த்தாள். அத்தா அவள் மணிக்கட்டை விடவில்லை.

அத்தா சொல்லச் சொல்ல அம்மா அழுதாள். திட்டினாள். "டம்ளர்ல வெரல விடுறீகளேன்னு நேத்துக்கூட வஞ்சேனே, பாவி!" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். திடீரென்று எழுந்து, ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"பைக்குக்குக் காரம் புடிக்குமாடி?" என்றார் அத்தா. அம்மாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்து, அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

ஓதிவிட்டு வந்த ஜமீல்தான் சமாதானமாகவில்லை. கல்லல் இல்லை, மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரி என்றதும் காலை உதைத்தான். அத்தா அவனை மடியில் இழுத்துப் போட்டு, தன் கண்ணைப் பற்றி எல்லாவற்றையும் அவனிடமும் சொன்னார். கேட்டுவிட்டு அவன் அட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நான் ஒங்க எறும்ப நகத்தி நகத்தி வச்சதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதா?"

"எலே, களவாணி!"

காலையில் பேருந்து நிலையத்தில் கூட்டம். அம்மா அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் விரைந்தாள். ஜமீல் ஒவ்வொரு வண்டியாக ஓடிப் போர்டை வாசித்தான். "தேவகோட்டை! சிங்கம்புணரி! இங்குட்டு வாங்க, மதுரை, மதுரை!"

அத்தா சனாவின் தோளில் கை வைத்தார். தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து சலாம் சொன்னபோதும் அந்தக் கை எடுபடவில்லை. பதில் சலாம் சொல்லிவிட்டு அவரே சொன்னார்: "கண்ணு கொஞ்சம் சரியில்ல பாய். மககூடப் போயிக்கிட்டு இருக்கேன்."

"படி இருக்குத்தா," என்றாள் சனா. "பாத்து, ஒசரமா இருக்கு."

அத்தா காலால் படியைத் தேடினார். ஜமீல் மேலேயிருந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான்.