மெர்சியைக் குளிப்பாட்டிய தண்ணீர்

விடிவதற்குள் மூன்று குடம் வடிகட்டிவிட்டோம். என் மகன் பென்னி வேட்டியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிப் பிடிக்க, நான் குழாய்த் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். துணியில் துருச்சேறு தங்கியது. தண்ணீரின் மஞ்சள் மட்டும் போகவில்லை.

உள்ளே, இரவில் இறந்துபோன என் மனைவி மெர்சியைக் கிடத்தியிருந்தோம். இரண்டு வருடமாகச் சிறுநீரக நோய். தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் எழுதித் தரவில்லை. "வேற தண்ணி குடிங்க" என்று மட்டும் சொன்னார். இரும்பை அமிலத்தில் கழுவும் ஆலை ஒன்று தெருவுக்குப் பின்னால் வந்த பிறகே குழாய் இப்படியானது. பென்னிக்கு அங்கேதான் வேலை.

"இந்தத் தண்ணியிலயா அத்தையக் குளிப்பாட்றது?" என்றாள் மருமகள் மோனிகா.

எங்கள் குடும்பத்தில் யாரையும் அழுக்காகக் குழிக்கு அனுப்பியதில்லை. குடிதண்ணீர்க் கேன் வண்டியோ மறுநாள்தான் வரும்.

ஆலை முதலாளி ஆதிநாராயணன் மாலையோடு வந்தார்.

"பெரியவரே, தண்ணி லாரி ஒண்ணு அனுப்புறேன். காரியத்த நல்லபடியா முடிங்க."

"அவ உசுரோட இருக்கசொல்ல கேட்டோமே சார். அப்போ லாரி இல்லியா?"

"இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு? பென்னி நம்ம பையன். அவன் வேலையையும் நெனச்சுப் பாருங்க."

"அவன் மெர்சி பெத்த புள்ள சார். லாரி வேணாம்."

அவர் போனதும் பென்னி முணுமுணுத்தான். "வேற தண்ணிக்கு எங்க போவ நைனா? ரோசத்த ஊத்தியா குளிப்பாட்டுவ?"

நான் நான்காவது குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

எதிர்வீட்டு விக்டோரியா அரைக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஊட்ல குடிக்க இருந்தது இவ்ளோதாண்ணா." அடுத்த வீட்டுச் சின்னதுரை ஒரு குடம் கொண்டுவந்தான். தெருக்கோடி நர்மதா தன் கைக்குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக்கூட எடுத்து வந்தாள்.

"அது வேணாம்மா," என்றேன். யாரிடமும் கைநீட்டி வாங்கிப் பழகாதவன் நான்.

"சும்மா இரு மாமா. என் பிரசவத்துக்கு வெந்நீர் வெச்சவங்க அவங்க. உன்னையா கேட்டேன்?"

வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த தண்ணீரில் பெண்கள் மெர்சியைக் குளிப்பாட்டினார்கள். இரண்டு வருடத்தில் அவள் உடம்பில் பட்ட நல்ல தண்ணீர் அதுதான்.

அடக்கம் முடிந்தது. திரும்பி வந்து குடிக்கத் தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. ஆலையில் வேலை செய்யும் யாரும் ஷிப்டுக்குப் போகவில்லை. கல்லறை மண் ஒட்டிய கைகளோடு எல்லாரும் ஆலை வாசலுக்கு நடந்தோம். பென்னி எனக்கு முன்னால் போனான்.

காவலாளி வெங்கடேசன் கேட்டைச் சாத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே தயங்கினார்.

"யார் யார் வந்துகிறாங்கன்னு முதலாளி கேக்கறாரு, பென்னி."

"தெருவே வந்துகிதுன்னு சொல்லுண்ணா," என்று சொல்லிவிட்டுப் பென்னி தரையில் உட்கார்ந்தான்.

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.