லிஃப்டில் தனக்காக பிரார்த்திக்கக் கூடாது

உலகத்துக் கடவுள்கள் எல்லாரும் சேர்ந்து இதுவரை மேலே அழைத்துக்கொண்டவர்களைவிட, தான் ஒருவர் மேலே ஏற்றிவிட்டவர்கள் அதிகம் என்று லிஃப்ட் மெக்கானிக் சொல்லிவந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏற்றியவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்கியும் விட்டிருப்பதாகவும், அந்த வசதியை எந்த மதமும் இன்றுவரை செய்துதரவில்லை என்றும் எதிர்ப்புறத் தேநீர்க்கடையில் நிதானமாக விளக்குவார். அதனால் அவருக்கு மேலதிகாரி என்று பெயர் வந்தது. பெயருக்கு ஏற்ற மீசையும் இருந்தது. மேலுதட்டை முழுதாகவும் கீழுதட்டில் பாதியையும் அது மூடிக்கொண்டிருந்ததால், குரல் வந்த பிறகுதான் அவர் பேசுகிறார் என்பதே தெரியும். அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பிரார்த்தனையில் ஓடத் தொடங்கும்வரை, அவர் சொன்னதை மறுக்க யாருக்கும் வழியிருக்கவில்லை.

அதற்கு முன்பு அது மின்சாரத்தில் ஓடியது. ஓடிய காலத்தில் அதற்குள் சண்டைக்குக் குறைவில்லை. முதல் மாடித் தையல்காரம்மா உள்ளே வந்ததும் தன் ஆண்டவரைப் புகழ்ந்து பாட ஆரம்பிப்பார். குரலுக்கு லிஃப்டின் அளவு போதாது. நான்காம் மாடி டாக்சிக்காரர் கண்ணை மூடி, உள்ளங்கைகளை விரித்து முணுமுணுப்பார். விரித்த கைகள் பொத்தான் பலகையை மறைத்துக்கொள்வதால் மற்றவர்கள் அவர் போகும் மாடிக்கே போய்த் திரும்ப வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஒரு செய்தித்தாளில் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர், தினமும் பொத்தான் பலகை இடுக்கில் ஊதுவத்தி செருகுவார். புகை படிந்து படிந்து மூன்று என்ற எண்ணே காணாமல் போய்விட்டது. இவர் பாட்டு அவருக்குத் தலைவலி, அவர் புகை இவருக்குத் தும்மல். கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். மேலதிகாரி எழுந்து, "லிஃப்டுக்கு மதம் கிடையாதுங்க. எடைதான் உண்டு. எட்டு பேர் ஏறலாம், எட்டு சாமி ஏற முடியாது" என்று பேசி உட்கார்ந்தார். தடை கொண்டுவரலாம் என்று ஒருமனதாக முடிவானது. தடை மற்ற இருவருக்கும்தான் என்று மூவருமே நம்பியதால் எதிர்ப்பு எழவில்லை. செயலாளர் தகரத்தில் எழுதி வாங்கி வந்தார்: லிஃப்டில் பிரார்த்திக்கக் கூடாது. நான்கு மூலையிலும் திருகாணி வைத்து முடுக்கியது மேலதிகாரி.

மறுநாள் காலை, தைத்த துணியை ஐந்தாம் மாடியில் கொடுக்கப் போன தையல்காரம்மாவோடு மற்ற இருவரும் ஒன்றாக ஏறினார்கள். இரண்டாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் நின்றது. மேலதிகாரி உச்சியில் இருந்த மோட்டார் அறைக்கு ஓடிப் பார்த்தார். மோட்டார் நலம், கயிறு நலம், பிரேக் நலம், மின்சாரம் தாராளம். உள்ளே தையல்காரம்மா கண்ணைத் தகரத்தில் வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, டாக்சிக்காரர் வேர்த்துக் கொட்டுகிறாரே, இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது ஆண்டவரே என்று ஆரம்பித்தார். லிஃப்ட் ஒரு சாண் ஏறியது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார், அதுவும் நின்றது. "நிறுத்தாதீங்கம்மா" என்றார் டாக்சிக்காரர். "எனக்கும் மூச்சு வேணுமில்ல தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளுங்க" என்றார் அவர். டாக்சிக்காரர் கைகளை விரித்து, தன் வேலை, தன் வண்டி, தன் பிள்ளைகள் என்று வழக்கமான வரிசையில் தொடங்கினார். லிஃப்ட் அசையவில்லை. பயத்தில் வரிசை தவறி, இந்தச் செயலாளர் பெரியவருக்குக் கால் நடுங்குகிறதே, காப்பாற்று என்று சொல்லிவிட்டார். வழுக்கிக்கொண்டு மேலே போனது.

அதன்பிறகு விதிகள் தெளிவாக ஒரு வாரத்துக்குமேல் ஆகவில்லை. ஆளில்லாத லிஃப்ட் கூப்பிட்ட மாடிக்கு ஒழுங்காக வந்தது. ஆள் ஏறிய பிறகுதான் அதற்கு யோசனை. எந்தக் கடவுளிடம் வேண்டினாலும் அதற்குச் சம்மதம். மனதுக்குள் வேண்டினால் செல்லாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முணுமுணுப்பு போதும். தனக்காக வேண்டினால் நகராது. இதனால் அந்தக் கட்டடத்தில் ஒரு பழக்கம் வந்தது. தனியாக ஏறுகிறவர்கள் அடுத்தவர் குறைகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டார்கள். "உங்க கடைவாய்ப் பல்லை வச்சுத்தான் சார் இன்னிக்கு நாலாவது மாடி வந்து சேர்ந்தேன்" என்று டாக்சிக்காரர் செயலாளரிடம் சொன்னார். பல் சரியானதும், "இனிமே நான் எத வச்சு ஏறுறது?" என்று வருத்தப்பட்டார். இரண்டாம் மாடி மாமியாரும் மருமகளும் ஒருநாள் மதியம் முழுக்க உள்ளே நின்றார்கள், மற்றவள் தொடங்கட்டும் என்று. கடைசியில் மாமியார், இவளுக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டினார். லிஃப்ட் சற்று யோசித்துவிட்டு, எதிர்த்திசையில் ஒரு மாடி இறங்கியது. பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி மணல் மூட்டைகளை ஏற்றிப் பொத்தானை அழுத்தினார். மணல் மூட்டைகள் யாருக்காகவும் வேண்டிக்கொள்ளவில்லை. செயலாளர் தலையை உள்ளே நீட்டி, அதிகாரியின் இடமாற்றத்துக்காக இரண்டு வார்த்தை சொன்னார், லிஃப்ட் கிளம்பியது. அதிகாரி நிலைமை திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார், இடமாற்றமும் கிடைத்தது.

தகரத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கழற்றினால் கூட்ட முடிவை மீறியதாகும். தையல்காரம்மா சட்டைக் கழுத்துப்பட்டியில் வைக்கிற மாதிரி ஒரு துணிச் சீட்டில் சிவப்பு நூலால் ஒரு வார்த்தை தைத்து, முதல் இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் ஒட்டிவிட்டார்: தனக்காக. செயலாளர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"ப் விட்டுப்போச்சேம்மா. தனக்காகப் பிரார்த்திக்கன்னுதான் வரணும்."

"துணி அவ்வளவுதான் சார் இருந்துச்சு."

நாற்பது ஆண்டு பிழை திருத்திய மனிதர். அந்த ப் இல்லாத இடத்தைத் தினமும் நான்கு முறை பார்த்துக்கொண்டே ஏறி இறங்கினார். ஆனால் தனக்காக வேண்டுவது போலாகிவிடும் என்று அதைப்பற்றி லிஃப்டுக்குள் வாய் திறக்கவில்லை.

மேலதிகாரிக்கு இது தொழில் அவமானம். ஒரு ஊரே தன்னை நம்பிக் கயிற்றில் தொங்குகிறது என்று இருந்தவருக்கு, தன் வீட்டு லிஃப்டே தன் கைக்கு அடங்கவில்லை. தேநீர்க்கடையில் மூவரையும் போலவே பாடியும் முணுமுணுத்தும் ஊதுவத்தி செருகுவது போல் செய்து தும்மியும் காட்டுவார். கடையே வயிறு வலிக்கச் சிரிக்கும். சிரிப்பு அடங்கும் முன், "எங்கயோ ஒரு லூஸ் கனெக்‌ஷன். கண்டுபிடிப்பேன். அதுவரைக்கும் என் வாயிலருந்து ஒரு வேண்டுதல் வந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்" என்று சபதம் செய்தார். அடுத்தவர் பிரார்த்தனையில் ஓசிச் சவாரி போகவும் மனம் இல்லை. ஐந்து மாடியும் கருவிப்பெட்டியோடு படியில்தான் ஏறினார். "மேலதிகாரிக்கே படி குடுக்குறாங்கப்பா" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்காதது போல் போனார்.

அவர் மனைவிக்கு முழங்கால் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணத்தின்போது அவள் கூடவே ஒரு பழைய அலமாரியும் ஒரு கடவுளும் வந்திருந்தார்கள். இரண்டையும் மேலதிகாரி திறந்து பார்த்ததில்லை. இருவரும் கடைக்குக் கிளம்பினால் அவள் லிஃப்டில் இறங்குவாள், அவர் படியில் இறங்குவார். அவள் யாருக்கோ எதையோ வேண்டிக்கொண்டு முதலில் போய்ச்சேர்ந்து, மூச்சு வாங்க வருகிற கணவரைக் கீழே நின்று பார்ப்பாள்.

"எனக்காக ஒரு வார்த்தை சொன்னா என்னங்க குறைஞ்சுடும்?"

"வார்த்தையா தூக்குது? கயிறுடி, கயிறு."

"கயித்த யாரு புடிச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். கப்பி. போன மாசம்தான் கிரீஸ் வச்சேன்."

இரண்டு வருடங்கள் இப்படிப் போயின. மேலதிகாரி மோட்டார் அறையைப் பிரித்துக் கோர்த்துப் பிரித்துக் கோர்த்து, அதன் ஒவ்வொரு திருகாணியையும் சொந்தப் பிள்ளைகளைவிட நன்றாக அறிந்துகொண்டார். ஒருநாள் மதியம், இதுவரை தொடாத இடம் ஒன்று பாக்கி இருப்பதாகத் தோன்றி, காற்றுச் சாளரத்தின் மூடியைக் கழற்றினார். லூஸ் கனெக்‌ஷன் அங்கேயும் இல்லை. குளவிக்கூடு இருந்தது. குளவிகள் அவரை மதிக்காமல் பறந்தன. ஒன்று மட்டும் படியிறங்கி, திறந்திருந்த ஐந்தாம் மாடிக் கதவுக்குள் நுழைந்து, காயவைத்த துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கழுத்தில் கொட்டியது.

அவர் வந்து பார்த்தபோது அவள் முகம் வீங்கி, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. கட்டடத்தில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழே டாக்சிக்காரர் ரேடியோவை அலறவிட்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தார், கத்தினால் கேட்கவில்லை. படியில் தூக்கிப்போகத் தெம்பு இல்லை; எடை விஷயத்தில் அவர் மனைவி அவருக்கு மேலதிகாரி. அணைத்து இழுத்து லிஃப்டுக்குள் கொண்டுவந்தார், பொத்தானை அழுத்தினார், கதவு மூடியது. லிஃப்ட் காத்திருந்தது.

முதலில் தையல்காரம்மாவின் பாட்டைப் பாடினார். தேநீர்க்கடையில் மூன்று முறை திரும்பப் பாடச் சொன்ன பாட்டு. நகரவில்லை. உள்ளங்கைகளை விரித்து டாக்சிக்காரரின் முணுமுணுப்பைச் சொன்னார், ஒரு எழுத்து பிசகவில்லை, நகரவில்லை. மனைவி அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தது. அப்போது அவர் குரல் யாருடைய குரலைப் போலவும் இல்லாமல் போயிற்று.

"இன்னிக்கு யாரு டூட்டியோ அவங்ககிட்ட சொல்றேன். இவ இல்லாம என்னால முடியாது. எனக்கு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. என் பொண்டாட்டிய எனக்குக் குடுத்துடுங்க."

லிஃப்ட் அசையவில்லை. கண்ணெதிரே தகரம். தகரத்தின் நடுவில் சிவப்பு நூலில் ஒரு வார்த்தை. அவர் அதை ஒருமுறை படித்தார்.

"சரி, என்ன விடுங்க. நான் எப்படியோ போறேன். இவளுக்கு மூச்சு குடுங்க. அக்காவப் பாக்கணும்னு ரெண்டு வருஷமா கேக்கறா, நாந்தான் மோட்டார் மோட்டார்னு தள்ளிப்போட்டேன். அவ போகட்டும். நான் கூட வரலன்னாலும் பரவாயில்ல. அவ நல்லபடியா போயிட்டு வரட்டும்."

லிஃப்ட் இறங்கியது. அந்த இயந்திரத்தின் எல்லாக் குலுக்கல்களையும் மாடிவாரியாக மனப்பாடமாக வைத்திருந்தவர் மேலதிகாரி. அன்று ஒரு குலுக்கல்கூட அதன் இடத்தில் இல்லை. அதைக் கவனிக்கும் நிலையிலும் அவர் இல்லை, வாய் நிற்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாடியில் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த செயலாளருக்கு எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. அவர் கதவைத் திறப்பதற்குள் குரல் கீழே கடந்துபோய்விட்டது. திருத்த வேண்டிய இடம் எதுவும் இருக்கவில்லை என்று அவர் பிற்பாடு தையல்காரம்மாவிடம் மட்டும் சொன்னார்.

டாக்சிக்காரர் சோப்பு நுரையோடே வண்டியை எடுத்தார். மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரம் படுக்கவைத்தார்கள். வீக்கம் வந்த வழியே போனது. திரும்பி வரும்போது பின்சீட்டில் சாய்ந்திருந்த அவர் மனைவி, தொண்டை கரகரக்க, டாக்சிக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்குமா என்று கேட்டாள்.

"எங்கக்கா போகணும்?"

"எங்க அக்கா வீட்டுக்கு. மேலருந்து உத்தரவு வந்தாச்சு."

மேலதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி, ஏற்கெனவே பார்த்த தெருவை மறுபடி பார்த்தார்.

மறுநாள் காலை அவர் மீசை இல்லாமல் வீட்டை விட்டு வெளியே வந்தார். யாரும் கேட்கவில்லை. தேநீர்க்கடைக்காரர் மட்டும், கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற பழமொழிக்கு இனி ஒட்டுவதற்கு இடமில்லையே என்று நினைத்து, நினைத்ததை விழுங்கிவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை லிஃப்டில் ஏறிய செயலாளர், சிவப்பு நூல் வார்த்தைக்குப் பக்கத்தில், தகரத்திலேயே, திருப்புளி முனையால் ஒரு ப் கீறியிருப்பதைக் கண்டார். புள்ளி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் மனைவியுடைய முழங்காலுக்காக வேண்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார்.

மேலதிகாரி இப்போது படியில் ஏறுவதில்லை. மீசை வளரும்வரை சில மாதங்கள் அவருக்குச் சங்கடமாக இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்க்கிறவர்களுக்கு உதடு அசைவது தெரிந்தது. பிறகு மீசை பழையபடி வளர்ந்து வாயை மூடிக்கொண்டது. எடுப்பதாகத்தான் சபதம், வளர்க்கமாட்டேன் என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. கடவுள்களைவிட அதிகம் பேரை மேலே ஏற்றிவிட்டவர் தான் என்று இன்றும் தேநீர்க்கடையில் விளக்குகிறார். விளக்கி முடித்ததும் கடைக்காரரிடம் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், அந்த இடுப்புவலி என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார். முன்பு இதெல்லாம் விசாரிக்கிற வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. பிறகு தெருவைக் கடந்து, லிஃப்டுக்குள் தனியாக ஏறி, ஐந்தை அழுத்துகிறார். லிஃப்ட் போகிறது.