யோஸ்ட் கெல்லர்மனின் கைக்கடிகாரம்

அன்றைக்கு ஓரின் கெல்லர்மனுக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பல் பிடுங்கி முடித்து, மரத்துப்போன தாடை இன்னும் சரியாகாத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்டோபரில் மனைவி டாரிஸ் போனதிலிருந்து ஆள் இப்படித்தான்.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் விருந்து. ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு முன்னோர் சங்கம் அங்கேதான் கூடும். தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, உள்ளே கோழிக்குழம்பும் தொட்டுக்கொள்ள மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் பரிமாறுவார்கள். அந்த நேரத்தில் ஊர் எரிந்தால் எரிந்ததுதான்.

சங்கத்தில் சேர, இங்கிலாந்து ராஜாவை எதிர்த்த அமெரிக்க விடுதலைப் போரில் நம் பக்கம் நின்ற ஒரு முன்னோர் வேண்டும். ஓரினுக்கு வாய்த்தவர் யோஸ்ட் கெல்லர்மன். துப்பாக்கியைத் தொட்டவரில்லை, படைக்கு ரொட்டி சுட்டவர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த மனிதர் எந்த முகாமில் எந்த அடுப்பைக் கட்டினார் என்பதெல்லாம் சங்கத்துக்கு அத்துப்படி. பக்கத்திலேயே உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிட்டுக்கொண்டிருக்கும் ஓரின் வியட்நாம் போரில் என்ன செய்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. போனார், வந்தார். போருக்குப் போய்வந்த உறுப்பினருக்குச் சங்கம் கொடுக்கும் பதக்கத்துக்கு அது போதும்.

விண்ணப்பம் போட்டது டாரிஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே போட்டாள்.

"மேடையில மைக்கைக் கையில குடுப்பாங்க. அப்ப சொல்லிடு" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"இத்தனை வருஷமா எனக்குச் சொல்லாததை. ஒரே ஒரு தடவை, மனுஷங்க காதுல விழற மாதிரி. சத்தியம் பண்ணு."

"நீ முன்னால உக்காந்திருந்தா சொல்றேன்."

"நான் எங்க வரப்போறேன், மக்கு. பண்ணு சத்தியம்."

பண்ணினார். கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்தில் அவள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்திருந்தாள். தானே சாவி ஏறிக்கொள்ளும் ரகம். கை அசைந்தால் போதும், ஓடும். ஓரின் அதைக் கையில் வாங்கியதும் சுவர் மாதிரி வெளுத்துப்போனார். "அப்புறம் கட்டிக்கறேன்" என்று காலுறை வைக்கும் இழுப்பறையில் போட்டார். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. டாரிஸும் மறக்கவில்லை.

இப்போது சங்கத் தலைவர் ராய் ப்ளம்மர் அந்தக் காலத்துப் படைவீரர் மாதிரி போட்டிருந்த முக்கோணத் தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார். காப்பீட்டு முகவர். அந்தத் தொப்பியைப் போட்டாலும் பாலிசி விற்கவந்தவர் மாதிரிதான் இருப்பார்.

"என்னப்பா ரொட்டிக்காரா, தயாரா? வழக்கம் தெரியுமில்ல? மைக்குல முன்னோரைப் பத்தி மட்டும்தான் பேசணும். சொந்தக் கதை கூடாது. நம்ம ஆளுங்களை விட்டா போர்க்கப்பல்ல உருளைக்கிழங்கு உரிச்சதையே சாயங்காலம் வரைக்கும் பேசுவானுங்க."

"உருளைக்கிழங்கு உரிச்சது நீதானே, ராய்?"

"அதனாலதான் சொல்றேன். எனக்கே என் கதை போரடிக்குது."

ஓரினுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தப்பிக்கச் சட்டமே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் சத்தியம் சத்தியம்தான். டாரிஸிடம் போய், வழக்கம் இடம் கொடுக்கவில்லையம்மா என்று சொல்லமுடியுமா? சொன்னாலும் நம்புவாளா?

பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக மனைவிதான் பதக்கத்தைக் குத்திவிடுவாள். இன்றைக்கு வம்சாவளிச் செயலாளர் வில்மா ஹோஸ்டெட்டர் குத்தினார். யாருடைய கொள்ளுத்தாத்தாவையும் சான்றில்லாமல் உள்ளே விடாத பெண்மணி. ஊசி கோட்டைத் தாண்டி நெஞ்சில் இறங்கியது.

"அய்யோ, குத்திடுச்சா?"

"தெரியலைங்க" என்றார் ஓரின். உண்மையாகவே தெரியவில்லை.

மைக் கைக்கு வந்தது.

"யோஸ்ட் கெல்லர்மனுக்கு" என்று ஆரம்பித்தார், "செத்தவங்களோட சட்டைப்பையைக் காலி பண்ற வேலை."

கூடத்தில் கரண்டிச் சத்தம் குறையவில்லை.

"வீட்டுக்கு எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாதுன்னு பிரிக்கணும். போட்டோவுல ரத்தம் இருந்தா கழுவணும். வேற பொண்ணு எழுதின கடுதாசி இருந்தா எடுத்துடணும், பெண்டாட்டி பாத்துடக் கூடாதில்ல. நல்லாவே செஞ்சார். ஒருநாள் ஒரு பையன் வந்தான். கையில வாட்ச். நின்னுபோயிருந்துச்சு. கழட்டறதுக்காக யோஸ்ட் அவன் கையைத் தூக்கினார். தூக்கினதும் அது ஓட ஆரம்பிச்சுடுச்சு. யோஸ்ட் அந்தக் கையைக் கீழ வைக்கலை. வெச்சா நின்னுடுமேன்னு. அசைச்சுக்கிட்டே இருந்தார். யாரோ வந்து பிடுங்கிட்டுப் போற வரைக்கும்."

மைக்கை இறக்கப் போனவர் மறுபடி வாயருகே கொண்டுவந்தார்.

"அவ்வளவுதான். நன்றி."

கைதட்டினார்கள். முன்னோரைப் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் தட்டுகிற அதே தட்டு. ராய் மைக்கைப் பிடுங்கி, "அருமை! ரொட்டி சுட்டுக்கிட்டே இவ்வளவும் பண்ணியிருக்கார் பாருங்க! அடுத்து செர்ரி பை!" என்றார்.

ஓரின் இடத்தில் வந்து உட்கார்ந்தார். சத்தியம் நிறைவேறியதா இல்லையா என்று தெரியவில்லை. செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட அந்தப் பை வந்தது. இனிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தின்றார்.

வில்மா எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓரின், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. யோஸ்ட் பத்தி என்கிட்ட எல்லாம் இருக்கு. அவர் அடுப்பை விட்டு நகரவே இல்ல."

"ஓ."

"அதோட, அந்தக் காலத்துல கையில கட்டற கடிகாரம் கிடையாது."

"கிடையாதா?"

"கிடையாது. நம்ம சங்கத்துல தப்பான சரித்திரம் பதிவாகக் கூடாது. இன்னிக்குப் பேசினதை நான் எழுதியாகணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "யோஸ்ட் பேரை அடிச்சுட்டு அந்த இடத்துல யார் பேரை எழுதட்டும்?"

ஓரின் தட்டைப் பார்த்தார். எடுத்த துண்டு முள்கரண்டியிலேயே நின்றது. பின்னால் ராய் யாரிடமோ உருளைக்கிழங்குக் கதையை ஆரம்பித்திருந்தார்.

"என் பேர்" என்றார். "என் பேரை எழுதிக்குங்க."

வில்மா தலையாட்டினார். ஆறுதல் சொல்லவில்லை, கையைப் பிடிக்கவில்லை. "எந்த ஊர்ல?" என்று மட்டும் கேட்டார். யாருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றியும் கேட்கும் அதே குரலில்.

"டா நாங். வியட்நாம்."

"அந்தப் பையன் பேர் தெரியுமா?"

தெரியும். சொன்னார். வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. பெயரின் எழுத்துகளை வில்மா ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அழுகை வரும் என்று கோட்டோடு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. பதக்கத்தைக் கழற்றினார். சட்டையில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. அப்படியானால் ஊசி குத்தத்தான் செய்திருக்கிறது.

பதக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுறை இழுப்பறையைத் திறந்து போட்டுவிட்டு, கொஞ்சம் பலமாக மூடினார்.

உள்ளே டாரிஸ் வாங்கித் தந்த கடிகாரம் டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

ஓரின் இழுப்பறையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் தேய்ந்து அது நின்றுபோகும் நேரம் வந்தபோது, இழுப்பறையை லேசாக ஒருமுறை ஆட்டினார்.