கதவு மூடினால் கிளம்பியாச்சு

எங்கள் சேர்மனுக்கு மைக்கைக் கண்டால் போதும், விடமாட்டார். "பஸ்ல போறவங்க எல்லாரையும் நான் பிளேன்ல ஏத்திக் காட்டறேன்" என்று அவர் முழங்கிய நாளில், பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் வரிசையாக நின்று கை வலிக்கத் தட்டினோம். இன்றைக்கு அந்த ஆள் என் எதிரில் வந்தால் கை வேறு வேலை செய்யும்.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் கம்பெனி ஓகோவென்றுதான் போனது. பஸ் விலைக்கு விமானம் என்றால் யார்தான் விடுவார்கள்? கொத்தனார்களும் நர்சுகளும் புதுமணத் தம்பதிகளும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். விமானம் ஏறும் வாசலில் நின்று சீட்டைக் கிழித்து உள்ளே அனுப்புவது என் வேலை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கே ஏதோ நான் விமானம் ஓட்டுகிற மாதிரி பெருமையாக இருக்கும். சேர்மன் தலைகால் புரியாமல் ஆடினார். இருக்கிற விமானத்தை ஓட்டவே ஆள் பற்றவில்லை, அவர் புது விமானத்துக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனி பீற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: நேரம் தவற மாட்டோம். அந்த லட்சணம் எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். விமானம் பறக்கவே வேண்டாம். கதவை மூடி, டிராக்டர் வந்து அதை நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டால் போதும், கிளம்பிவிட்டதாகக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அப்புறம் அது ஒரு மூலையில் போய்க் குத்துக்கல்லாக நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் மேனேஜருக்கு இது வேதவாக்கு. வாயைத் திறந்தால் "கதவு, கதவு" என்பார். நாங்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தோம்.

கம்பெனி ஆட்டம் காண ஆரம்பித்ததும் விமானத்துக்கு எண்ணெய் போடுகிறவர்கள் கையில் காசு, வாயில் தோசை என்கிற மாதிரி கறாராகிவிட்டார்கள். லாரி வரத் தாமதமாகும். கடிகாரம் அசரவே இல்லை. ஆட்களை ஏற்றி, கதவை மூடி, விமானத்தை மூலைக்குத் தள்ளிவிடுவார். தலைமை அலுவலகம் யார் காலிலாவது விழுந்து, லாரி அங்கே வந்து நிரப்பிவிட்டுப் போகும். பைலட்டுகளுக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. பலகையில் மட்டும் 'கிளம்பியது' என்று பச்சை எழுத்து மின்னும்.

அப்படி ஒரு விமானத்தில்தான் என் அக்கா ஏறினாள்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள். அவள் புருஷன் வேறு ஊரில் இருக்கிறான். பள்ளி லீவுக்கென்று மகளைக் கூட்டிக்கொண்டு போனவன் திருப்பி அனுப்பவே இல்லை. கேட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்றான், பாவி. போன வாய்தாவுக்கு அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த முறையும் வராவிட்டால் குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டுவிடுவேன் என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

முந்தின நாளே பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். நான்தான் விடவில்லை. "லூசா நீ? விடிய விடிய குலுங்கிட்டுப் போய்த் தூங்கி வழிஞ்சுட்டு நிப்பியா ஜட்ஜ் முன்னாடி? காலைல ஏறினா காபி ஆறுறதுக்குள்ள இறங்கிடுவே."

காலையில் விமானம் ஏறும் வாசலில் என் எதிரே வந்து நின்றாள். இஸ்திரி போட்ட புடவை, மகளுக்கு ஒரு புது ஷூ, அவ்வளவுதான் பை. "அளவு சரியா இருக்குமாடி? கால் வளர்ந்திருக்கும்ல?" என்றாள். "போ, போட்டுப் பார்த்துட்டுப் போன் பண்ணு" என்று உள்ளே தள்ளினேன்.

"எண்ணெய் லாரி வந்துச்சா சார்?" என்று கடிகாரத்திடம் கேட்டேன்.

"வந்துட்டே இருக்கும்மா. நீ கதவை மூடச் சொல்லு."

மூடச் சொன்னேன். டிராக்டர் தள்ளியது. பச்சை எழுத்து வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தால் விமானம் அதே மூலையில் நிற்கிறது. பக்கத்தில் லாரியைக் காணோம். அக்கா போன் செய்தாள். "ஏசியும் நின்னுடுச்சுடி. குழந்தைங்க அழுதுட்டிருக்கு. எப்பக் கிளம்பும்?" மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் சுவரில் இருந்த தன் போட்டோக்களைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"மத்தியானத்தோட கம்பெனி மூடறாங்க. காலையிலேயே மெயில் வந்துடுச்சு."

"காலையிலேயா? எண்ணெய் லாரி?"

"அவங்க நேத்தே நிறுத்திட்டாங்க." கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். "கடைசி நாள்ல நம்ம ஸ்டேஷன் பேர் கெட வேண்டாம்னுதான்... காலை விமானம் எல்லாம் டைமுக்குக் கிளம்பினதா இருக்கட்டுமே."

என் வாயில் என்னென்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. நேரம் தவறாததற்கு வாங்கி மேஜையில் வைத்திருந்த கேடயத்தை எடுத்துச் சுவரில் அடித்தேன். "உள்ள மனுஷங்க இருக்காங்கய்யா! ஆடு மாடா அடைச்சு வெச்சிருக்கே?" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன்.

ஏணி வண்டி ஓட்டுகிறவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, ஏணிய எடுங்க." "ஆர்டர் இல்லாம எப்படிம்மா?" என்றார். "ஆர்டர் கொடுக்கிறவன் பெட்டி கட்டிட்டிருக்கான், நீங்க வண்டிய எடுங்கண்ணே!" என் முகத்தைப் பார்த்தவர் வண்டியை எடுத்துவிட்டார்.

கதவு திறந்ததும் ஜனங்கள் என்னைத்தான் திட்டினார்கள். பச்சைச் சட்டை போட்டிருந்தவள் நான்தானே. அக்கா ஷூப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மற்ற கம்பெனி கவுண்டர்களில் கெஞ்சினோம், டாக்ஸிக்காரர்களைக் கேட்டோம். எதில் போனாலும் இருட்டிய பிறகுதான் அந்த ஊர். அக்கா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் டிவியில் சேர்மன், கையில் அதே மைக். "காலைச் சேவைகள் அனைத்தும் குறித்த நேரத்தில் இயக்கப்பட்டன. கனத்த இதயத்தோடு விடைபெறுகிறோம்." கனத்த இதயமாம்! பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் கையில் இருந்த டம்ளரை வீசினேன், டிவி தப்பித்தது.

கோர்ட்டில் அவள் புருஷனின் வக்கீல் விமான நிலையப் பதிவை நீட்டினாராம். விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது, தாய்தான் ஏறவில்லை என்று. நாங்கள் போனில் கதறியதை எங்கள் வக்கீல் எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. உத்தரவு போட்டாயிற்று. அதை மாற்ற மனு கொடுத்திருக்கிறோம், கூட ஏறிய பயணிகளைத் தேடித் தேடிக் கையெழுத்து வாங்குகிறோம். அடுத்த வாய்தா பள்ளி ஆண்டு முடிந்த பிறகு. கடிகாரம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போனை வைத்துவிடுகிறார். அவர் நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளோடு போனில் பேசலாம் என்று அனுமதி. முதல் ஞாயிறு அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"சித்தி, அம்மா ஏன் பிளேன்ல ஏறலை?"

"ஏறினாடா கண்ணு. பிளேன்தான் கிளம்பலை."

"கிளம்பிடுச்சு. அப்பா போன்ல காட்டினாரு, பச்சையா போட்டிருந்துச்சு."

"அது பொய்டா தங்கம்."

அவள் விடவில்லை: "நீ அங்கதானே வேலை பார்த்தே? அப்ப நீதானே பொய் போட்டே?"

அக்கா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.